கயாக்கில் மீன்பிடிக்க: ரீலின் கைப்பிடி எந்தப் பக்கம், நரம்பு எவ்வளவு பலம்?

நான் இடக்கைக்காரி. எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, தூண்டில் வீசுவது எல்லாமே இடக்கைதான். முதன்முதலாக பெய்ட்காஸ்டர் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் சக்கரத்தில் ஒரு வகை) வாங்கப் போனபோது ஒரு பெட்டியில் 'இடக்கை' என்று போட்டிருந்தது. எனக்கென்றே செய்ததுபோல் இருக்கிறதே என்று சந்தோஷமாக வாங்கி வந்தேன். வீட்டில் ராடில் (தூண்டில் கம்பில்) மாட்டிப் பார்த்தால் கைப்பிடி இடப்பக்கம். இடக்கையால் வீசிவிட்டு, ராடை வலக்கைக்கு மாற்றி, திரும்ப இடக்கையால் சுற்ற வேண்டும். என் தம்பி வலக்கைக்காரன். அதை வாங்கி நாலு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எனக்குத்தான் சரியா இருக்கு. நீ வேற வாங்கிக்கோ" என்றான். அவன் சொன்னது சரிதான். அந்த ரீல் இன்றைக்கும் அவனுடைய கயாக்கில்தான் இருக்கிறது.

'இடக்கை ரீல்' என்றால் இடக்கைக்காரருக்கான ரீல் இல்லை. கைப்பிடி இடப்பக்கம் இருக்கிற ரீல், அவ்வளவுதான். வலக்கையால் வீசி, ராடை அதே கையில் வைத்துக்கொண்டு இடக்கையால் சுற்ற நினைக்கிற வலக்கைக்காரருக்குத்தான் அது பொருந்தும். என்னைப் போல இடக்கையால் வீசுபவருக்கு வேண்டியது வலப்பக்கக் கைப்பிடி. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், ராடைப் பிடிக்கும் கை எது, சுற்றும் கை எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ரீல் அதற்குப் பிறகுதான்.

ஸ்பின்னிங் ரீலில் இந்தக் கவலையே இல்லை. ராடுக்குக் கீழே தொங்கும் அந்த ரீல்களில் பெரும்பாலானவற்றின் கைப்பிடியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் இடப்பக்கம் மாட்டியிருப்பார்கள். எதிர்ப்பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியைப் பாருங்கள். சில ரீல்களில் நீளமான திருகு ஒன்று குறுக்கே ஊடுருவிப் போகும். அதைக் கழற்றிக் கைப்பிடியை மறுபக்கம் செருகினால் போதும். வேறு சிலவற்றில் கைப்பிடியின் தண்டே திருகாணிபோல் உள்ளே போகும். அதன் மரைகளைக் கவனித்தால் தடிப்பாக ஒன்று, மெலிதாக ஒன்று என இரண்டு படிகள் தெரியும். ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. முன்னோக்கிச் சுற்றச் சுற்ற அது இறுகிக்கொண்டே போகும். கழற்றிய மூடியை மறுபக்கம் மாட்ட மறக்காதீர்கள், அந்த ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் நேராக கியருக்குள் போய்விடும். இந்த வேலையை வீட்டில் மேஜைமேல் ஒரு துணி விரித்துச் செய்யுங்கள். கயாக்கில் உட்கார்ந்து செய்தால் மூடி தண்ணீரோடு போய்விடும்.

பெய்ட்காஸ்டர் அப்படியில்லை. ராடுக்கு மேலே உட்காரும் அந்த ரீலில் கியர், மீன் இழுத்தால் நரம்பு எவ்வளவு எளிதில் வெளியே போக வேண்டும் என்று வைக்கும் நட்சத்திர வடிவ டிராக் திருகு எல்லாம் கைப்பிடிப் பக்கத்திலேயே இருக்கும். மாற்றவே முடியாது. வாங்கும்போதே சரியாக எடுக்க வேண்டும். மாடல் எண்ணிலேயே குறிப்பு இருக்கும். ஷிமானோவில் பொதுவாகக் கடைசி இலக்கம் 0 என்றால் வலம், 1 என்றால் இடம்: 150 வலம், 151 இடம். ஆபு கார்சியாவின் உருண்டை ரீல்களிலும் 6500 வலம், 6501 இடம். டைவாவில் பெயரின் கடைசியில் 'எல்' இருந்தால் இடம். படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போகிற டிரோலிங் ரீல்கள் பெரும்பாலும் வலப்பக்கக் கைப்பிடியோடுதான் வருகின்றன. இடப்பக்கம் வேண்டும் என்றால் தேர்வு குறைவு.

கரையில் நிற்பவர் வீசிய பிறகு ராடை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கயாக்கில் அந்த ஒரு நொடியில்தான் பிரச்சினை. மடியில் துடுப்பு கிடக்கும், காற்று படகைத் திருப்பிக்கொண்டிருக்கும், மீன் தொட்டதும் ராடு கைமாறிக்கொண்டிருக்கும். அதனால் கைமாற்றாமல் பிடிப்பதுதான் என் முதல் விதி. வீசுகிற கையே ராடைப் பிடிக்கட்டும், மற்ற கை சுற்றட்டும்.

சுற்றும் கைதான் கயாக்கில் 'சும்மா இருக்கும் கை'யும் கூட. அதுதான் வலையை நீட்டும், சுக்கானைத் திருப்பும், கத்தியை உருவும். ராடு பிடித்த கை கடைசிவரை ராடை விட முடியாது. இதை வைத்தே மற்ற எல்லாவற்றின் இடத்தையும் முடிவு செய்யலாம். நான் வலக்கையால் சுற்றுகிறேன், அதனால் வலை என் வலப்பக்கம். மீனையும் வலப்பக்கமே ஏற்றுகிறேன். உயிர்காப்பு அங்கியில் கத்தியை வலக்கை எட்டுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். ராடு தாங்கி மட்டும் இடப்பக்கம். அதை வலப்பக்கம் வைத்தால், மீன் இழுக்கிற ராடை உடம்பைத் திருகிக் குறுக்கே எட்டி எடுக்க வேண்டும். அப்போது படகு சாய்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெடல் கயாக் வைத்திருப்பவர்கள் சுக்கான் பிடி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் அது இடப்பக்கம். தம்பிக்கு அது வசதி, இடக்கையால் சுற்றுவான், நடுவில் சுக்கானைத் தொட்டுவிட்டுத் திரும்ப வருவான். எனக்கோ ராடு பிடித்த கைப்பக்கம் சுக்கான். மீன் படகைத் திருப்பும்போது எட்டவே முடியவில்லை. என் கயாக்கில் பிடியை வலப்பக்கம் மாற்ற வழி இருந்தது, மாற்றிவிட்டேன். உங்களுடையதில் முடியாவிட்டால், ராடை எடுக்கும் முன் சுக்கானை நேராக வைத்துவிடும் பழக்கத்தையாவது கொண்டுவாருங்கள்.

'பலமான கைதானே சுற்ற வேண்டும்' என்று சிலர் கேட்பார்கள். ஆழத்தில் ஜிக் (கனமான உலோகப் போலி இரை) போட்டு மணிக்கணக்கில் சுற்றுபவருக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் கயாக்கில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். இடுப்பையும் காலையும் ஊன்றி இழுக்க முடியாது. பாரம் முழுக்க ராடு பிடித்த முழங்கையிலும் தோளிலும் விழும். ஆகவே பலமான கை ராடுக்கு. பழகாத கையால் சுற்றுவது முதலில் தடுமாறும். தொலைக்காட்சி பார்க்கும்போது முள் இல்லாத ராடை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள், இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இப்போது நரம்புக்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் பேர் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெரிய மீன் வந்தால் அறுந்துவிடக் கூடாது என்ற பயத்தில் 50 பவுண்டு பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு) போட்டேன். நீரோட்டம் உள்ள ஓரிடத்தில் ஒருநாள் ஈயக்குண்டு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. டிராக் இறுக்கமாக இருந்தது. ஓட்டம் கயாக்கைக் கீழே தள்ள, நரம்பு விறைத்து, படகு குறுக்கே திரும்பி, நரம்புப் பக்கம் சாய ஆரம்பித்தது. விளிம்பு தாழ்ந்து முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. நரம்பு அறுகிற மாதிரியே இல்லை. விறைத்த நரம்பில் கத்தி பட்டதுதான் தாமதம், படக்கென்று அறுந்து படகு நிமிர்ந்தது. இழந்தது ஒரு ஈயக்குண்டும் கொஞ்சம் நரம்பும்தான். ஆனால் அன்றிலிருந்து 'எவ்வளவு பெரிய மீனை இது தாங்கும்' என்று பார்த்து நான் நரம்பு வாங்குவதில்லை. 'மாட்டிக்கொண்டால் உட்கார்ந்தபடியே இதை என்னால் அறுக்க முடியுமா' என்பதுதான் என் கேள்வி.

மெல்லிய நரம்பில் பெரிய மீன் வருமா என்றால், வரும். படகே உங்களுக்கு ஒரு டிராக். கரையில் நிற்பவரை மீன் இழுத்தால் அவர் நகரமாட்டார், ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல்தான் வழுக்க வேண்டும். கயாக்கை இழுத்தால் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு மீன் பின்னாலேயே போகும். நரம்பில் திடீர் வெட்டு விழாது. மீன் படகை இழுத்து இழுத்துக் களைத்துப்போகும். ஆனால் இது மீன் கிடையாக ஓடும்வரைதான். நேர் கீழே இறங்கினால் படகு கூடவே இறங்க முடியாது. நரம்பின் உண்மையான பலமும் டிராக்கின் அளவும் அப்போதுதான் சோதிக்கப்படும். ஆழத்தில் மீன்பிடிப்பவர் ஒரு படி கூடுதலான நரம்பு போடுவதற்கு அதுதான் காரணம்.

டிராக் என்பது, எவ்வளவு இழுத்தால் ஸ்பூல் வழுக்கி நரம்பைக் கொடுக்க வேண்டும் என்று நாம் வைக்கிற இறுக்கம். நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வைப்பது வழக்கம். 20 பவுண்டு என்றால் சுமார் 9 கிலோ. அதற்கு டிராக் இரண்டேகால் கிலோவிலிருந்து 3 கிலோ. விரலால் இழுத்துப் பார்த்து ஊகிக்காதீர்கள், பெட்டி எடை பார்க்கும் சிறிய தொங்கு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் செய்தது இது. வீட்டுத் தரையில் கயாக்கில் இருப்பதுபோலக் கால் நீட்டி உட்கார்ந்தேன். நரம்பு நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி, தம்பி அறையின் மறுகோடியில் நின்று மெதுவாக இழுத்தான். ராடை வளைத்துப் பிடித்திருந்தேன். 2 கிலோ வரை சாதாரணமாக இருந்தது. 3 கிலோவில் முன்கை நடுங்கியது. 4 கிலோவில் முழங்கை தானாக நீண்டு, முதுகு முன்னால் வந்துவிட்டது. "இதுவே படகா இருந்தா நீ உள்ள இருக்கமாட்டே" என்றான். அதோடு என் கணக்கு தெளிவாகிவிட்டது. என் உடம்புக்கு 3 கிலோ போதும். அதற்கு 20 பவுண்டு நரம்பு போதும். ரீல் பெட்டியில் 'அதிகபட்ச டிராக் 10 கிலோ' என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம், உட்கார்ந்திருப்பவர் அதில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாது. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

ஸ்பூலில் நரம்பு குறையக் குறைய டிராக் தானாகக் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறைந்த ஸ்பூலின் குறுக்களவு 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீன் ஓடி அது 35 மி.மீ. ஆகிவிட்டால், 2.5 கிலோவில் வைத்த டிராக் மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். திருகை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். நீண்ட ஓட்டத்தில் டிராக்கை இறுக்கத் தோன்றும். கொஞ்சம் தளர்த்துவதுதான் சரி.

என்ன நரம்பு என்றால், முக்கிய நரம்புக்கு நான் பிரெய்டுதான் போடுகிறேன். நைலான் நன்றாக இழுபடும். தண்ணீரை உறிஞ்சுவதால் நனைந்ததும் கொஞ்சம் பலமும் குறையும். பிரெய்டு ஏறக்குறைய நீளவே நீளாது, தண்ணீரையும் உறிஞ்சாது, ஆழத்தில் மீன் லேசாகத் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். அப்புறம், மெலிது. 20 பவுண்டு பிரெய்டு ஒன்றின் தடிமன் சுமார் 0.23 மி.மீ. இது லாபம் தருவது ரீலின் அளவில்தான். ஸ்பூல் ஓரத்தில் '0.28 – 200' என்று இருந்தால் 0.28 மி.மீ. நரம்பு 200 மீட்டர் பிடிக்கும் என்று அர்த்தம். அதே ஸ்பூலில் 0.23 மி.மீ. கிட்டத்தட்ட 300 மீட்டர் போகும். அதனால் கயாக்குக்குப் பெரிய, கனமான ரீல் தேவையில்லை. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும். முதலில் சில மீட்டர் நைலானைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை முடிந்து சுற்றுங்கள். ஸ்பின்னிங் ரீலில் விளிம்புக்கு 2 மி.மீ. இடம் விட்டு நிறுத்துங்கள்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் பவுண்டு எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 1939-இல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம்தான் மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்கிறது. அதன் வகுப்புப்படி விற்கும் நரம்பு, சொன்ன எண்ணிலோ அதற்குக் கீழேயோ அறுந்துவிட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத சாதாரண நரம்புகள் பெரும்பாலும் சொன்னதைவிடக் கூடுதலாகத் தாங்கும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டிக்கொண்டால் அறுக்க வேண்டிய நமக்கு, 20 என்று நினைத்தது அதற்கு மேலும் தாங்கி நிற்பது நல்லதல்ல. இதற்குப் பதில் லீடரில் இருக்கிறது.

பிரெய்டின் நுனியில் கட்டுகிற நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் நரம்புதான் லீடர். பிரெய்டு 20 என்றால் லீடர் 15. இழுத்தால் லீடர்தான் அறும், முக்கிய நரம்பு முழுசாகத் திரும்பி வரும். தடித்த லீடர் போடுவோர் உண்டு, பாறையில் உரசினால் தாங்கும் என்பார்கள். கரையில் அது சரி. கயாக்கில் அறும் இடம் எது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூர்மையான பல் உள்ள மீன் என்றால் முள்ளை ஒட்டிக் கடைசி ஒரு சாண் மட்டும் தடித்த நரம்பு கட்டுங்கள், அதற்கு மேலே மெல்லிய லீடர் இருக்கட்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு பழகிக்கொள்ளுங்கள், மெலிதாக இருப்பதால் ராடின் வளையங்களில் தட்டாமல் போகும். அது வரும்வரை இரட்டை யூனி முடிச்சு போதும். எந்த முடிச்சையும் எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துவிட்டு மெதுவாக இறுக்குங்கள்.

நான் போகிற இடங்களுக்கு என் கணக்கு இது. அமைதியான ஏரியில், ஒன்றிரண்டு கிலோ மீனுக்கு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்டு பிரெய்டு, 8 பவுண்டு லீடர், டிராக் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கழிமுகத்திலும் கரையோரக் கடலிலும் 4000 ரீல், 20 பவுண்டு, 15 பவுண்டு லீடர். எனக்கு முக்கால்வாசி நாள் இதுதான். ஆழத்தில் ஜிக் போடும் நாளில் மட்டும் 30 பவுண்டு, 5000 ரீல், டிராக்கை மட்டும் நான் 3 கிலோவைத் தாண்ட விடுவதில்லை. அதற்கு மேல் கயாக்கில் நான் போவதில்லை. தம்பி என்னைவிடக் கனமானவன், அவன் 40 பவுண்டு வைத்திருக்கிறான். எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.

முள் மாட்டிக்கொண்டால் அறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே இழுக்காதீர்கள், சதையை வெட்டிவிடும். ஒரு சாண் நீளக் கட்டை ஒன்று என் இருக்கைப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். டிராக்கைத் தளர்த்தி, நரம்பைப் படகின் மூக்குப் பக்கம் கொண்டுவந்து, கட்டையில் நாலைந்து சுற்று சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேராகப் பின்னோக்கி இழுப்பேன். ஈயக்குண்டு கல்போலத் திரும்பிப் பாயும், அதனால்தான் முகத்தைத் திருப்பச் சொல்கிறேன். ஓட்டம் வேகமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், உடனே கத்தி. மீன் போராடும்போதும் இதே திசைதான். ராடை மூக்குப் பக்கம் வைத்தால் படகு மீனை நோக்கித் திரும்பும், பக்கவாட்டில் வைத்தால் சாயும். மீன் படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனால் ராடு நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, மூக்கைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இதற்கு ராடு குறைந்தது 2 மீட்டராவது இருந்தால் நல்லது.

கயாக்கில் ரீல் தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துடுப்புச் சொட்டும் அதன்மேல்தான் விழும். கரைக்கு வந்ததும் டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். ஈரம் துடைத்தபின் டிராக்கை முழுசாகத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வளையத் தகடுகள் நசுங்கிக் கிடக்கும். அப்புறம் பிரெய்டின் கடைசி இரண்டு மீட்டரை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ பஞ்சுபோலவோ தட்டுப்பட்டால் அந்த அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, புது லீடர் கட்டி, அடுத்த முறை போகும்முன் தராசில் டிராக்கைத் திரும்ப வையுங்கள்.